பதினெட்டடியும் இருபத்துநாலடியும்

தரங்கம்பாடிக்குத் தெற்கே, கடலுக்கும் சவுக்குத் தோப்புக்கும் நடுவில் ஒரு தெரு அகலத்துக்கு மட்டுமே மணல் மிஞ்சியிருக்கும் மீனவர் குப்பம் ஒன்றில், பங்குனி மாதத்துப் பிற்பகல் ஒன்றை வலைகள் காயும் பந்தலின் நிழலில் கழிக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. காலைப் பாடு முடிந்து படகுகள் கரையேறிவிட்டிருந்தன. ஏலமும் ஓய்ந்து, கூடைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் பெண்கள் வீடு திரும்பியிருந்தார்கள். புதிதாக ஒரு பைபர் படகு வாங்குவதற்காக மூன்று வருஷமாகப் பணம் சேர்த்து வைத்திருந்த இளைஞன் ஒருவன், ஈர மணலில் துடுப்பின் காம்பினால் இரண்டு கோடுகள் இழுத்து, ஒன்றைப் பதினெட்டடி என்றும் மற்றதை இருபத்துநாலடி என்றும் குறித்துக்கொண்டு, வலைக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்த தன் தாய்மாமனோடு வெகுநேரமாக வாதாடிக்கொண்டிருந்தான்.

“ஆறடிதானே மாமா கூட? மூணுல ஒரு பங்கு. அதுக்குப் போயி இவ்வளவு யோசிக்கிறீங்களே!”

மாமன் தலையை நிமிர்த்தவில்லை. “நீளந்தான் மாப்ள மூணுல ஒரு பங்கு. கரைக்கு வந்து தூக்கிப் பாரு, அப்பத் தெரியும்.”

அந்த மனிதர் க்ஷேத்திர கணிதம் படித்தவரல்லர். ஆயினும் அவர் சொன்னது, 1638ஆம் வருஷம் லெய்டன் நகரில் அச்சாகிய தம் கடைசிப் பெருநூலின் வாயிலிலேயே கலீலியோ எடுத்து வைத்த விஷயமாகும். அந்த நூல் வெனிஸ் நகரத்துக் கப்பல் கட்டும் தளத்தைப் பற்றிய பேச்சோடு தொடங்குகிறது. பெரிய கப்பலொன்றைத் தளத்திலிருந்து நீரில் இறக்கும்போது, சிறிய கப்பலுக்கு வைத்த முட்டுகளையும் தாங்கு கட்டைகளையும் அதே விகிதத்தில் பெருக்கி வைத்தால் போதாது என்பதும், அதற்கும் மேலாகவே வைத்தாக வேண்டும், இல்லையேல் கப்பல் தன் பாரத்தைத் தானே தாங்கமாட்டாமல் பிளந்துபோகும் என்பதும் அங்கிருந்த தச்சர்களுக்கு அனுபவத்தில் தெரிந்திருந்தது. ஏன் அப்படி என்ற கேள்விக்கு விடை தேடப் புகுந்த கலீலியோ, ஒரு பொருளைப் பெரிதாக்கும்போது அதன் எல்லா அம்சங்களும் ஒரே அளவாகப் பெருகுவதில்லை என்ற உண்மையைத் தெளிவாக்கினார்.

மணலில் கிடந்த இரண்டு கோடுகளையே எடுத்துக்கொள்வோம். 18க்கு 24 என்பது 3க்கு 4. அதாவது நீளம் 1.33 மடங்கு. வடிவம் மாறாமல் படகு பெரிதாகிறது என்று வைத்துக்கொண்டால், அகலமும் ஆழமும் அதே 1.33 மடங்காகும். தண்ணீரில் நனையும் அடிப்பரப்பு, நீளத்தையும் அகலத்தையும் சேர்த்துப் பெருக்கி வருவதாகையால், 1.78 மடங்கு. படகின் கொள்ளளவோ மூன்று பரிமாணங்களும் சேர்ந்தது; அது 2.37 மடங்கு. ஆர்க்கிமிடீஸின் விதிப்படி, மிதக்கும் படகு தன் எடைக்குச் சமமான நீரை விலக்குகிறதல்லவா? ஆளும் வலையும் மீனும் பனிக்கட்டியுமாகப் பதினெட்டடிப் படகு ஒரு டன் நீரை விலக்கி மிதக்குமானால், அதே விகிதத்தில் விளிம்பு வெளியே தெரிய மிதக்கும் இருபத்துநாலடிப் படகு சுமார் 2.4 டன் நீரை விலக்கும். “மூணுல ஒரு பங்கு” என்று கண்ணுக்குத் தெரிவது, சுமையில் இரண்டு மடங்குக்கும் மேலாகிவிடுகிறது. படகின் விலை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கும். ஏனென்றால் அச்சில் பரப்பும் கண்ணாடியிழையும் பிசினும் பரப்பளவையும் கனத்தையும் பொறுத்தவை.

இளைஞனின் மனத்தில் முதலிடம் பெற்றிருந்தது வேகம். பக்கத்துக் குப்பத்தாரின் நீளப் படகுகள் தன் மாமனுடைய படகைத் தாண்டிப் போவதை அவன் பல விடியற்காலைகளில் பார்த்துப் பொருமியிருக்கிறான். நீளம் அதிகமான படகு வேகமாகப் போகும் என்பது உண்மைதான். ஆனால் எவ்வளவு வேகமாக என்பதில்தான் இயற்கை மிகவும் கருமித்தனம் காட்டுகிறது.

ஓடுகிற படகின் அணியம் நீரை விலக்கித் தள்ளும்போது அங்கே ஓர் அலை எழும்புகிறது. அந்த அலை படகோடு கூடவே, படகின் வேகத்திலேயே ஓடுகிறது. அலைகளுக்கென்று ஒரு தர்மம் உண்டு: ஆழமான நீரில், நீளம் அதிகமான அலை வேகமாக ஓடும், குறுகிய அலை மெதுவாக ஓடும், அலையின் வேகம் அதன் நீளத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஆகவே படகு வேகம் கூட்டக் கூட்ட, அதோடு ஓடும் அலையும் நீண்டுகொண்டே போகவேண்டியிருக்கிறது. ஒரு கட்டத்தில் அந்த அலையின் நீளம் படகின் நீளத்துக்குச் சரியாகிவிடுகிறது; அப்போது முன்னால் அணியத்தடியில் ஒரு முகடும், பின்னால் அமரத்தடியில் அடுத்த முகடுமாக, படகு தானே வெட்டிக்கொண்ட பள்ளத்தில் உட்கார்ந்துவிடுகிறது. அதற்குமேல் எஞ்சினை முடுக்கினால் பின்முகடு படகைவிட்டுப் பின்தங்கிப்போக, அமரம் பள்ளத்தில் தாழ்ந்து, அணியம் வானத்தைப் பார்க்க, படகு தன் அலையின் மேலேயே மலையேறத் தொடங்குகிறது. எண்ணெய் எரிவது தெரியும். கரை நகர்வது தெரியாது.

அடிக்கணக்கில் நீர்மட்ட நீளத்தின் வர்க்கமூலத்தை எடுத்து 1.34ஆல் பெருக்கினால், இந்த எல்லை வேகம் மணிக்கு இத்தனை கடல்மைல் என்று கிடைக்கும். பதினெட்டடிக்கு 5.7; இருபத்துநாலடிக்கு 6.6. மீன் கிடைக்கும் இடம் கரையிலிருந்து 10 கடல்மைல் தூரம் என்றால், சிறிய படகு 1 மணி 45 நிமிஷத்திலும் பெரிய படகு 1 மணி 31 நிமிஷத்திலும் போய்ச் சேரும். ஆறடியைக் கூட்டி, இரண்டு மடங்குக்கு மேல் சுமையைக் கூட்டி, நாம் பெற்ற லாபம் 14 நிமிஷம்! ஏலத்தில் முதல் கூடையாக இறங்குகிறவனுக்கு அந்த 14 நிமிஷத்துக்கும் விலை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. தட்டையான அடியும், குறைந்த பாரமும், மிகுந்த சக்தியுள்ள எஞ்சினும் உடைய படகு இந்த எல்லையைத் தாண்டி, நீரைப் பிளப்பதை விட்டு நீரின்மேல் வழுக்கி ஓடவும் கூடும். ஆனால் ஈரவலையும் மீனும் ஏறிய படகுக்கு அந்தப் பாக்கியம் அபூர்வமாகவே வாய்க்கிறது. எண்ணெய்க் கணக்குப் பார்க்கிறவர்கள் எல்லை வேகத்துக்கு ஒரு கடல்மைல் குறைவாகவே ஓட்டுவார்கள். அந்தக் கடைசி ஒரு மைலுக்காக எஞ்சின் கேட்கும் எண்ணெய், அதற்கு முந்திய மைலுக்குக் கேட்டதைவிட மிக அதிகம்.

இந்த வர்க்கமூல விதியைப் படகுகளுக்கு உரியதாக நிலைநாட்டியவர் வில்லியம் ஃப்ரூட் என்ற ஆங்கிலேயர். 1810இல் பிறந்த இவர், ரயில் பாதை அமைக்கும் பொறியாளராக புரூனெல் என்ற பெரும் பொறியாளரின் கீழ் வேலை பார்த்தவர். புரூனெல் கட்டிய ராக்ஷசக் கப்பலாகிய ‘கிரேட் ஈஸ்டர்ன்’ கடலில் எப்படி உருளும் என்று ஆராயும் பொறுப்பு வந்ததிலிருந்து, அவர் மனம் முழுவதும் கப்பலிலேயே லயித்துவிட்டது. 1867இல் அவர் டார்ட் என்னும் ஆற்றில் சிறு பொம்மைப் படகுகளை நீராவிப் படகொன்றின் பக்கவாட்டில் கட்டி இழுத்துப் பரீட்சை செய்தார். கூரிய அணியமுள்ள வடிவத்துக்கு அண்டங்காக்கை என்றும், உருண்டு பருத்த அணியமுள்ள வடிவத்துக்கு அன்னம் என்றும் பெயர். ஒவ்வொரு வடிவத்திலும் 3 அடி, 6 அடி, 12 அடி என்று மூன்று அளவுகள். எந்த வடிவம் உயர்ந்தது என்று கேட்டவர்களுக்கு அவருடைய பரீட்சை ஏமாற்றமளித்திருக்கும். ஒரு வேகத்தில் காக்கை வென்றது, வேறொரு வேகத்தில் அன்னம் வென்றது. ஆனால் அவர் கண்ட மெய்யான புதையல் வேறு. ஒரே வடிவத்துச் சிறிய படகையும் பெரிய படகையும் அவற்றின் நீளங்களின் வர்க்கமூல விகிதத்தில் அமைந்த வேகங்களில் இழுத்தால், இரண்டைச் சுற்றிலும் எழும் அலைகளின் கோலம், அளவு ஒன்றைத் தவிர, அச்சாக ஒன்றாகவே இருந்தது. கோயில் குளத்தில் தென்னம்பாளையைக் கயிறு கட்டி இழுத்து விளையாடிய நம் சிறுவர்களும் அந்தக் கோலத்தைப் பார்த்திருப்பார்கள். ஆனால் சின்னப் பாளையையும் பெரிய பாளையையும் அடுத்தடுத்து இழுத்து, இரண்டு வேகங்களையும் குறித்துக்கொண்ட சிறுவன் எவனாவது இருந்தானா என்பது தெரியாது. 1872இல் டார்க்கீ நகரில் தம் வீட்டருகே அவர் அமைத்த நீண்ட நீர்த்தொட்டிதான், இன்று உலகமெங்கும் கப்பல் மாதிரிகளைப் பரீட்சிக்கும் தொட்டிகளுக்கெல்லாம் தாய்.

வேகத்தில் கஞ்சத்தனம் காட்டும் இயற்கை, ஸ்திரத்தன்மையில் வள்ளலாகிறது. படகு ஒரு பக்கம் சாயும்போது அதை நிமிர்த்தும் பலம் இரண்டு பொருள்களின் பெருக்கம்: ஒன்று படகின் எடை, மற்றது அந்த எடை கீழே இழுக்கும் கோட்டுக்கும் நீர் மேலே தாங்கும் கோட்டுக்கும் நடுவில் உள்ள தூரம். எடை 2.37 மடங்கு, தூரம் 1.33 மடங்கு, ஆக நிமிர்த்தும் பலம் 3.16 மடங்கு. சாய்க்கும் பலமும் இப்படிப் பெருகினால் பிரயோஜனமில்லை; ஆனால் அது பெருகுவதில்லை. வலையை இழுக்கும்போது நடப்பதைக் கவனியுங்கள். இரண்டு ஆட்கள் ஒரே பக்கத்து விளிம்பில் தொடையை அண்டக்கொடுத்து, குனிந்து, ஈர வலையைக் கைமாற்றி இழுக்கிறார்கள். விளிம்பு நீரை நோக்கித் தாழ்கிறது. படகு பெரிதானதால் ஆட்கள் பெரிதாகிவிடுவதில்லை. அவர்கள் எடை அப்படியே இருக்க, நடுக்கோட்டிலிருந்து அவர்கள் நிற்கும் தூரம் மட்டும் 1.33 மடங்கு கூடுகிறது. கணக்குப் போட்டால், சிறிய படகை 10 பாகை சாய்க்கும் அதே இரண்டு பேர், பெரிய படகை 4 பாகைதான் சாய்க்க முடியும். பதினெட்டடியில் வலை இழுக்கும்போது மூன்றாமவன் சொல்லாமலே மறுபக்கம் போய் உட்காருவான். இருபத்துநாலடியில் அவன் பீடி பற்ற வைக்கலாம்.

நிமிர்த்தும் இந்தச் சக்தியை முதன்முதலில் சாஸ்திரமாக்கியவர் பியேர் பூகே என்ற பிரெஞ்சுக்காரர். பூமியின் உருவத்தை அளப்பதற்காக 1735இல் தென் அமெரிக்காவின் ஆண்டஸ் மலைகளுக்கு அனுப்பப்பட்டு, கடலைக் காணாத உயரங்களில் பல வருஷங்களைக் கழித்த காலத்தில்தான் அவர் கப்பலைப் பற்றிய தம் பெருநூலை எழுதினார் என்பது விசித்திரமான செய்தி. அது 1746இல் வெளியாயிற்று. அவர் காட்டிய கணிதத்திலிருந்து நம் இளைஞனுக்கு உடனே பயன்படக்கூடிய ஒரு சங்கதி கிடைக்கிறது. நிமிர்த்தும் சக்தியில் நீளத்துக்கு உள்ள பங்கு சாதாரணமானது; அகலத்துக்கு உள்ள பங்கு அதன் மூன்றாம் அடுக்கு. நீளத்தையும் எடையையும் மாற்றாமல் படகின் அகலத்தை மட்டும் 10 சதவிகிதம் கூட்டினால், ஆறடியை ஆறரையடிக்குச் சற்று மேலாக்கினால், நீர்மட்டப் பரப்பு தரும் நிமிர்த்தும் சக்தி 33 சதவிகிதம் கூடிவிடும். இதற்கும் ஒரு தண்டனை உண்டு. மிகவும் அகலமான படகு சாய்ந்த வேகத்திலேயே வெடுக்கென்று நிமிரும். அதில் நாள் முழுவதும் நின்று வேலை செய்கிறவனுடைய இடுப்பு அதைச் சொல்லும்.

கடல் அலை இந்த இரண்டு படகுகளையும் எப்படி நடத்துகிறது? தூரத்துப் புயல்களில் பிறந்து, முகட்டுக்கு முகடு 10 வினாடி இடைவெளியில் வரும் நெட்டலையின் நீளம் ஆழ்கடலில் 150 மீட்டருக்கு மேல். அதன் முன்னால் பதினெட்டடியும் இருபத்துநாலடியும் ஒன்றுதான், மேட்டில் ஏறி இறங்கும் இரண்டு எறும்புகள். பிற்பகலில் கடற்காற்று கிளப்பிவிடும் குற்றலைகளிடம்தான் வித்தியாசம் தெரிகிறது. 2 வினாடிக்கு ஒருமுறை வரும் அலையின் நீளம் சுமார் 20 அடி; 2½ வினாடி அலைக்குச் சுமார் 32 அடி. படகின் நீளத்துக்கு ஒத்த அலையும், அதைவிடச் சற்று நீண்ட அலையும்தான் படகை அதிகமாகத் தலையாட்ட வைப்பவை. ஆகவே காற்று எழுந்த முதல் நாழிகையிலேயே சிறிய படகு ஆடத் தொடங்க, பெரிய படகு இன்னும் சிறிது நேரம் அமைதியாக இரண்டு அலைகளின்மேல் படுத்துக்கொண்டு போகும். கடலுக்குள் மட்டுமே வாழ்க்கை என்றால், வாதம் இதோடு முடிந்து, பெரிய படகுக்கே தீர்ப்பாகியிருக்கும்.

ஆனால் சோழமண்டலக் கரையில் படகு ஒவ்வொரு நாளும் இரண்டுமுறை கடலும் கரையும் சண்டையிடும் அந்த வெள்ளை நுரைக்கோட்டைத் தாண்டியாக வேண்டும். அலையின் உயரத்தைப்போல் ஏறக்குறைய 1¼ மடங்கு ஆழத்துக்கு வந்ததும் அலையின் கால் தரையில் தடுக்கி, தலை முன்னால் கவிழ்ந்து உடைகிறது. 4 அடி அலை 5 அடி ஆழத்தில் உடையும். திரும்பி வரும் படகைப் பின்னாலிருந்து அப்படி ஓர் அலை பிடித்துக்கொண்டால், அமரம் உயர்ந்து, அணியம் தாழ்ந்து மணலை முகர, படகு குறுக்கே திரும்பிவிடும். அடுத்த அலை அதை உருட்டிவிடும். ஆகையால் அமரத்தில் நிற்பவன் நுரைக்கோட்டுக்கு வெளியே எஞ்சினை அடக்கிக்கொண்டு, கழுத்தைத் திருப்பி, பெரிய அலைகள் மூன்று நான்கு போகவிட்டு, அவற்றின் பின்னால் வரும் ஓய்வைப் பார்த்து, ஒரே மூச்சில் உள்ளே ஓட்டுகிறான். அடி மணலில் உரசியதும் எல்லோரும் குதித்து, தோள் கொடுத்து, படகை நேராகப் பிடிக்கிறார்கள். சிறிய படகை நான்கு பேர் இடுப்பளவு நீரில் நேராகப் பிடித்துவிடலாம். 2.37 மடங்கு எடையுள்ளதை அந்த நான்கு பேரும் பிடிக்க முயன்றால், பிடிபடுவது யார் என்பதை அலை தீர்மானிக்கும்.

அதன் பிறகு மணல். வெறும் படகைப் பதினெட்டடியில் 8 பேர் கரையேற்றினால், இருபத்துநாலடிக்குப் பக்கங்களின் கனம் கூட்டப்படாவிட்டால் 14 பேரும், அதே விகிதத்தில் கூட்டப்பட்டால் 19 பேரும் வேண்டும். இந்தக் கரையில் பன்னெடுங்காலமாகப் படகின் அளவை நிர்ணயித்தது இந்தத் தோள் கணக்குத்தான் என்பது என் அபிப்பிராயம். கட்டுமரத்தின் நுட்பமும் இதில்தான் இருக்கிறது. சென்னை மாகாணத்து மீன்வளத் துறைக்குத் தலைவராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், சோழமண்டலக் கரைக் கட்டுமரங்களை வகைப்படுத்தியபோது, தூண்டிலுக்கு ஒன்று, வலைக்கு ஒன்று, கோலா மீனுக்கு ஏழு மரங்கள் சேர்த்துக் கட்டிய பெரியது ஒன்று என்று தொழிலுக்குத் தக்கபடி அளவு மாறுவதைக் குறித்து வைத்தார். கரை சேர்ந்ததும் கயிற்றை அவிழ்த்துவிட்டால், எவ்வளவு பெரிய கட்டுமரமும் தனித்தனி மரங்களாகப் பிரிந்துவிடும். ஒவ்வொன்றையும் தோளில் சுமந்துபோய் உலர்த்தலாம். எடை மூன்றாம் அடுக்கில் பெருகுவதை எந்த அரசனும் தடுத்ததில்லை. இந்தக் கரையார் அந்த எடையைத் துண்டுபோட்டுத் தூக்கினார்கள். ஒரே வார்ப்பாக அமைந்த பைபர் படகிடம் அந்த உபாயம் பலிக்காது. 2004ஆம் வருஷத்துச் சுனாமிக்குப் பிறகு கட்டுமரம் இழந்த பலருக்குப் பைபர் படகு கிடைத்தபோது, கடலில் கிடைத்த சௌகரியத்தோடு கரையில் இந்தச் சங்கடமும் சேர்ந்தே வந்தது.

துறைமுகம் இருக்குமிடத்தில் கணக்கே வேறு. நார்வே நாட்டின் உதவியோடு 1953இல் கொல்லத்தையடுத்த சக்திகுளங்கரை, நீண்டகரைப் பகுதியில் தொடங்கிய மீன்பிடித் திட்டத்தில், நாட்டு வள்ளங்களில் எஞ்சினைப் பொருத்திப் பார்த்த முதல் முயற்சிகள் பலிக்காமற்போகவே, புதிய படகுகள் கட்டப்பட்டன. அவை அங்கே பெருகியதற்கு அவற்றின் வடிவம் மட்டும் காரணமன்று. அஷ்டமுடிக் காயல் கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் அவை தண்ணீரிலேயே நின்றுகொள்ள முடிந்தது. தண்ணீரிலேயே நிற்கும் படகை யாரும் தூக்கவேண்டியதில்லை.

நான் இந்தக் கணக்குகளையெல்லாம் என் குறிப்புப் புத்தகத்தில் எழுதி இளைஞனிடம் காட்டினேன். அவன் 3.16ஐ விரலால் தொட்டு, “இதைப் பாருங்க மாமா!” என்றான். மாமன் பார்க்கவில்லை.

“வலிக்கறதுக்கு ஆள் சொல்லு. நம்ம தெருவுல எத்தினி பேரு?”

இளைஞன் விரல்விட்டு எண்ணத் தொடங்கினான். ஒன்பதில் நின்றது, அதில் இருவர் கேரளத்துக்குப் படகு வேலைக்குப் போகிறவர்கள் என்று நினைவு வந்து, ஏழாயிற்று. “டிராக்டர் இருக்கே மாமா?”

“குப்பத்துக்கு ஒண்ணு. படகு நாப்பது. புயல் கூண்டு ஏத்தற அன்னைக்கு அது யார் படகை முதல்ல இழுக்கும்?”

இளைஞன் சற்று நேரம் பேசாமலிருந்தான். பிறகு இருபத்துநாலடிக் கோட்டின் நுனியைக் காலால் கொஞ்சம் அழித்து, இருபதடிக்கு வந்து நிறுத்தினான். எழுந்து மாமனுடைய படகண்டை போய், நடுவில் இரண்டு கைகளையும் அகல விரித்து, ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு எத்தனை சாண் குறைகிறது என்று அளந்து பார்க்கலானான்.